காத்திருப்பவை 5

நெய்வேலி,
11 ஜூன் 2025

அண்ணா,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நாம் இருவருமே இல்லை. மேலுறையில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே இதைக் கிழிக்கப் போவாய். அடுத்த பாராவை மட்டும் படித்துவிட்டுக் கிழி.

உன்னை வேனில் ஏற்றி அந்தக் குடி மறுவாழ்வு இல்லத்துக்கு அனுப்பிய அதே நான்காம் தேதி, காலை பதினொரு மணிக்கு, மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை வாரிக்கொண்டிருந்த அப்பாவின் கால் உருளையில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்கிறார். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடக்கிறாள்.

இனி நீ கிழிக்க மாட்டாய் என்று நினைத்துத் தொடர்கிறேன். புதுக் காண்ட்ராக்டர் அப்பாவைத் தெரியவே தெரியாது என்கிறான். பழைய கேட் பாஸ் மே 31-ஓடு முடிந்ததாம், புதுப் பாஸ் யாருக்கும் இன்னும் கொடுக்கவில்லையாம், அதனால் சாமிக்கண்ணு என்று ஓர் ஆள் அன்று வேலையிலேயே இல்லையாம். சூப்பர்வைசர் சுதாகர் ஒரு படி மேலே போய், "அந்தாளு அன்னிக்கு பஸ்ஸே ஏறல. வேற எதுக்கோ உள்ள பூந்துட்டாரு" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பத்தொன்பது வருஷம் வேலை செய்த மனுஷன் கரி திருட வந்தார் என்று அர்த்தம். ஜூலை 8-ஆம் தேதி தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை. அன்று அப்பா வேலைக்குத்தான் போனார் என்று காட்டாவிட்டால் சிகிச்சையும் இல்லை, இழப்பீடும் இல்லை, திருடன் என்ற பேர்தான் மிச்சம்.

புதுப் பாஸ் கைக்கு வரும்வரை கூட வேலை செய்தவர்கள் யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். காட்ட ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பஸ் போட்டோ. காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் சர்வீஸ் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது என்று நீதானே நூற்று நாற்பது பேரையும் பழக்கினாய், ஷிஃப்ட் பஸ் வாசலில் சூப்பர்வைசர் பெயருக்கு நேரே டிக் போடும்போது தினமும் ஒரு போட்டோ எடுத்து உன் ஆப்பில் போடச் சொல்லி. அப்பா நான்காம் தேதியும் எடுத்தார். ஆனால் அது போகவில்லை. மே 30-இலிருந்து யார் போட்டோவும் போகவில்லை. "இடம் இல்லை" என்றே வருகிறது. கம்ப்யூட்டர் சென்டர் அஸ்வின் பார்த்துவிட்டு, மும்பையில் நீ வாடகைக்கு எடுத்திருக்கிற சர்வரின் டிஸ்க் நூற்றுக்கு நூறு நிரம்பிவிட்டது, பெரிதாக்க வேண்டும் என்கிறான். உன் லேப்டாப்பிலிருந்துதான் உள்ளே போக முடியுமாம். அது கடவுச்சொல் கேட்கிறது.

போனில் பேச விடுங்கள் என்று இல்லத்து அம்சவல்லி மேடத்திடம் அழுதே பார்த்தேன். "முதல் நாப்பது நாள் போன் கெடையாதும்மா, போன தடவை போன் குடுத்து பாட்டில் சுவர் தாண்டி வந்துச்சு" என்றுவிட்டார்கள். கடிதத்துக்கு மட்டும்தான் அனுமதி. கடவுச்சொல்லை எழுது. என்னைத் திட்டுவதானால் அதற்குக் கீழே திட்டிக்கொள்.

இசைப்பிரியா


16 ஜூன் 2025

இசை,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கால் என்று நீ எழுதவில்லை. கால் என்றால் எந்தக் கால்?

உன்னைத் திட்ட எனக்கு ஆசைதான். பஸ் ஸ்டாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவனை நாலு பேரை விட்டுத் தூக்கி வேனில் போட்டாய். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. சொந்தத் தங்கச்சி செய்கிற வேலையா அது? கை நடுங்குகிறது, அதனால் எழுத்து இப்படி இருக்கிறது. சந்தோஷப்பட்டுக்கொள்.

இப்போது வேலைக்கு வா. அப்பாவின் போனைத் தொடாதே. ஆப்பைத் திறந்தால் மேலே "காத்திருப்பவை" என்று ஓர் எண் இருக்கும். சர்வர் வாங்கிக்கொள்ளாத போட்டோக்களை ஆப் தன் வயிற்றுக்குள் பூட்டி வைத்திருக்கிறது, அங்கிருந்து நம்மால் வெளியே எடுக்க முடியாது. சர்வரில் இடம் கிடைத்த நிமிடமே அதுவாகவே அனுப்பிவிடும். ஆனால் முப்பது நாள்தான் வைத்திருக்கும். அதற்கு மேலானால் போன் நிரம்புகிறது என்று நம் ஆட்கள் புலம்பினார்கள், நான்தான் அப்படி எழுதினேன். நான்காம் தேதிப் போட்டோ ஜூலை நான்காம் தேதி அழிந்துவிடும். கடைக்காரன் எவனிடமும் போனைக் கொடுக்காதே. முதல் வேலையாகத் துடைத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பான்.

டிஸ்க்கைப் பெரிதாக்குவது பத்து நிமிட வேலை. அதை நான்தான் செய்ய வேண்டும். கடவுச்சொல்லை எல்லாம் எழுதிக் கொடுக்க முடியாது. நீ வந்து கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போ. அன்று சாயங்காலத்துக்குள் போட்டோ உன் கையில் இருக்கும்.

கார்முகில்


19 ஜூன் 2025

அண்ணா,

வலது கால்.

உன் கடிதம் வந்த அன்றே பஸ் ஏறினேன். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டேன். பிப்ரவரியில் முதல் தடவை அங்கே சேர்த்தபோது, ஒன்பதாம் நாளே நீ அழுதாய் என்று கையெழுத்துப் போட்டு வெளியே கூட்டி வந்தவள் நான். பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் சோடா குடிக்கிறேன் என்று போனாய். மூன்று நாள் கழித்து உன்னைச் சாக்கடை ஓரத்திலிருந்து அப்பா தூக்கி வந்தார்.

அப்பாவிடம் கேட்டேன். வலி மருந்தின் அசதியிலும் தலையைத் தூக்கி, "எங்காலு போனது போனதுதாம்மா. அவன இப்ப இட்டாந்தா அவனும் போய்டுவான். கையெழுத்து போட்டுட்டு எம்மூஞ்சில முழிக்காத" என்றார். அதற்குப் பிறகு நான் என்ன செய்வது, நீயே சொல்லு.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். "இடம் இல்லை" என்று வந்ததும் போனில்தான் இடமில்லை என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். நான்தான் படித்தவளாயிற்றே, பழைய போட்டோவை எல்லாம் அழித்துவிட்டு முயற்சி செய்யுங்கள் என்று குரூப்பில் போட்டேன். நூற்று நாற்பது பேரும் அழித்தார்கள். நான்காம் தேதி ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது, அந்தப் போட்டோ எப்படியாவது போகட்டும் என்று அவர் போனிலும் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் அழித்தேன். அன்றைக்கு எடுத்ததும் அதில் போய்விட்டது. அழித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. இப்போது அது ஆப்பின் வயிற்றில் மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்களின் ஆறு வருஷப் போட்டோக்களும் உன் சர்வரில் மட்டும்தான்.

காத்திருப்பவை 5 என்று காட்டுகிறது. போனை மடியிலேயே வைத்திருக்கிறேன். பேரம் பேசாதே அண்ணா. நான் காலில் விழுந்தேன் என்று வைத்துக்கொள். கடவுச்சொல்லை எழுது.

இசை


23 ஜூன் 2025

இசை,

நான் பேரம் பேசவில்லை. எனக்கு மறந்துவிட்டது.

இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கடவுச்சொல் நீளமானது, இருபது எழுத்துக்குப் பக்கம் இருக்கும். எண்ணும் எழுத்தும் கலந்தது. கண்ணை மூடினால் முதல் எழுத்துகூட வரவில்லை. லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் வந்துவிடும் என்று நினைத்துத்தான் கூட்டிக்கொண்டு போ என்றேன். குடிக்கவும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். இரண்டும்தான்.

இன்னும் கேவலமான ஒன்று பாக்கி இருக்கிறது. டிஸ்க் பெரிதாகிவிட்டது. ஜனவரியிலேயே ஆகிவிட்டது. நூறு ஜிபி போதாது என்று எல்லாரிடமும் சொல்லி, இருநூறாக வாங்கி, இனி இரண்டு வருஷத்துக்குக் கவலையில்லை என்று குரூப்பில் மார்தட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? வாங்கினால் மட்டும் போதாது. நம் பிளாக்கில் பக்கத்து குவார்ட்டர்ஸையும் உன் பேரில் அலாட் செய்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள். நடுச்சுவரை இடிக்காதவரை கட்டில் போட இந்தப் பக்கம் இடம் வராது. சர்வருக்குள் போய் அந்தச் சுவரை இடிக்க வேண்டும், அப்புறம் தரையை ஒன்றாக்க வேண்டும். அந்த இரண்டு வரிகளை அடிக்க உட்கார்ந்த அன்று சாயங்காலம் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஐந்து மாதம். நிரம்புகிறது என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. எரிச்சலாக இருக்கிறது என்று அதையும் அணைத்துவிட்டேன்.

நூறு ஜிபி இடம் சும்மாவே கிடக்கிறது, இசை. அப்பாவின் ஒரு போட்டோவுக்கு இடமில்லை. அதை நினைத்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போல இருக்கிறது. மோதியும் பார்த்தேன், பக்கத்துக் கட்டில்காரர் பிடித்து இழுத்துவிட்டார்.

என்னை விட்டுவிடுங்கள். வேறு யாராவது வழி தெரிந்தவர்களைப் பாருங்கள்.

கார்முகில்


25 ஜூன் 2025

டேய்,

அண்ணா என்று எழுதக் கை வரவில்லை. படித்து முடித்ததும் உன் கடிதத்தைத் தூக்கி அடுப்பில் போட்டேன். பிறகு நானே கையை விட்டு எடுத்தேன். விரல் சுட்டுவிட்டது.

விட்டுவிடுங்கள் என்று சொல்ல உனக்கு உரிமை கிடையாது. வழி தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அஸ்வின் கையை விரித்துவிட்டான். சாவி இல்லாமல் அவனால் மட்டுமல்ல, எவனாலும் முடியாதாம். அம்மா பேர், அப்பா பேர், நீ காதலித்தவள் பேர் என்று நாற்பது தடவை அடித்துப் பார்த்துவிட்டேன்.

நேற்று அடித்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. நீ கடவுச்சொல் அடிக்கும்போது திரையையும் பார்க்க மாட்டாய், விசைப்பலகையையும் பார்க்க மாட்டாய். என்னோடு பேசிக்கொண்டே அடிப்பாய். "எப்படிடா?" என்று கேட்டதற்கு, "எனக்கே தெரியாது, கைக்குத்தான் தெரியும்" என்று பீற்றிக்கொண்டாய்.

உன் பழைய விசைப்பலகையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒயரை நறுக்கிவிட்டேன், மேடம் பயப்பட வேண்டியதில்லை. அவர்களுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். மடியில் வைத்துக்கொண்டு அடி. நடுங்கினால் நடுங்கட்டும், அடி. உன் மண்டைக்கு மறந்தது உன் கைக்கு மறந்திருக்காது.

காத்திருப்பவை இன்னும் 5. மே 30-ஆம் தேதிப் போட்டோ வரும் 29-ஆம் தேதி அழியும். அதிலிருந்து ஒவ்வொன்றாகப் போகும். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

இசை


2 ஜூலை 2025, மாலை

இசை,

பார்சல் 28-ஆம் தேதியே வந்திருக்கிறது. டாக்டரைக் கேட்க வேண்டும் என்று மேடம் இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். முந்தாநாள்தான் கையில் கொடுத்தார்கள்.

பக்கத்துக் கட்டில்காரர் என்று எழுதினேனே, அவர் பேர் சிலம்பரசன். குள்ளஞ்சாவடிக்காரர், லாரி ஓட்டுபவர். அவர் நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். என் விரல் எங்கே விழுகிறது என்று பார்த்து அவர் எழுதினார். முதல் நாள் அடித்த எதுவும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. கை தாளம் போட்டது. அழுதுவிட்டேன். "நீ அடிக்கணும்னு அடிக்கிற தம்பி, அதான் வரல. எங்கிட்ட ஏதாவது பேசிக்கினே அடி. நான் கியர் போடறத யோசிச்சிக்கினா போடறேன்?" என்றார்.

இன்று காலை அப்பாவைப் பற்றிப் பேசினேன். அவருடைய மதியச் சாப்பாட்டுத் தூக்கைப் பற்றி, அவர் பூட்ஸுக்குள் திணிக்கிற பேப்பரைப் பற்றி. பேசிக்கொண்டே அடித்தேன். பதினோரு தடவையில் எட்டுத் தடவை ஒரே மாதிரி வந்திருக்கிறது. நோட்டை வாங்கிப் பார்த்ததும்தான் எனக்கே தெரிந்தது. அப்பாவின் நாலு பழைய பாஸ் எண்கள். நாலு காண்ட்ராக்டர்களும் செல்லாது என்று வாங்கிக் கிழித்த எண்கள், நடுவில் ஒவ்வோர் எழுத்து. தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

அதே தாளில் ஆறு வரிகள் இருக்கின்றன. ஒன்றுவிடாமல், நான் எழுதிய வரிசையிலேயே அடி. முதல் வரி பழைய குறிப்புக் கோப்புகளைக் கொஞ்சம் அழிக்கும். பயப்படாதே, போட்டோ இல்லை. முழுக்க நிரம்பிய டிஸ்க்கில் சுவரை இடிக்கிறவன் நிற்கவும் இடம் இருக்காது, அதற்காகத்தான். நாலாவது வரிதான் சுவர். அதில் கடைசி எண்ணுக்கு முன்னால் ஓர் இடைவெளி இருக்கிறது, அதை விட்டுவிடாதே. ஐந்தாவது வரி தரை. ஆறாவது, எவ்வளவு இடம் என்று காட்டும். ஒவ்வொரு வரியையும் அடித்துவிட்டு, அழுத்துவதற்கு முன் தாளோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்.

போனில் படித்துக் காட்டுகிறேன் என்று மேடம் சொன்னார்கள். புள்ளி ஒன்று மாறினாலும் ஆறு வருஷமும் போய்விடும், வேண்டாம் என்றேன். சிலம்பரசன் அண்ணனுக்கு இன்றோடு தொண்ணூறு நாள் முடிகிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் உன்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். அவரை நம்பு.

கார்முகில்


3 ஜூலை 2025

அண்ணா,

சிலம்பரசன் அண்ணன் காலை ஏழரைக்கே வந்துவிட்டார். காபிகூடக் குடிக்காமல், முடியும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். அப்போது காத்திருப்பவை 1. ஞாயிறு ஒன்று, திங்கள் ஒன்று, நேற்று ஒன்று, இன்று விடிந்ததும் ஒன்று என்று நாலும் என் கண் முன்னால் போய்விட்டன.

கடவுச்சொல் முதல் தடவை இல்லை என்றது. உயிரே போய்விட்டது. பூஜ்யத்தை எழுத்தாக நினைத்து அடித்திருந்தேன். இரண்டாவது தடவை திறந்தது. நாலாவது வரியை அடித்துவிட்டு அழுத்தாமல் எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. நூற்று நாற்பது பேரும் என் விரலடியில் நிற்பது போல இருந்தது. அழுத்தினேன். மாறிவிட்டது என்று ஒரே ஒரு வரி வந்தது. ஆறாவது வரியில் நூற்றுக்கு ஐம்பத்தொன்று என்று காட்டியது. அஸ்வின் குதித்தான், நான் கட்டிலில் சாய்ந்துவிட்டேன்.

அப்பா போனில் 1 என்பது 0 ஆயிற்று. போட்டோ வந்துவிட்டது.

பஸ் வாசலில் சுதாகர் பட்டியலோடு நிற்கிறார், பேனா பேப்பரில் இருக்கிறது. முன்னால் அப்பா, பழைய பாஸைப் பிடித்தபடி. ஆனால் எப்போதும் நேராக நிற்பவர் அன்று ஒரு பக்கமாக ஒருக்களித்து, தோளை அகட்டிக்கொண்டு நிற்கிறார். ஏன் என்று உற்றுப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் பெஞ்சில் நீ கிடக்கிறாய். முகம் கால்வாசி மறைந்திருக்கிறது. பச்சைக் கட்டம் போட்ட சட்டை, நெற்றியில் பிளாஸ்திரி, ஒரு காலில் மட்டும் செருப்பு. உன்னை மறைக்கத்தான் அப்படி நின்றிருக்கிறார், பாவம், மறையவில்லை.

இனியும் மறைத்து என்ன ஆகப்போகிறது? வேனைக் கூப்பிட முடிவெடுத்தது நான் இல்லை. அந்தப் போட்டோ எடுத்த கையோடு அப்பாதான் எனக்குப் போன் செய்தார். "புள்ள இங்க பஸ் ஸ்டாப்புல கெடக்கறான். எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு. வேன வரச்சொல்லு, நான் சொன்னேன்னு அவங்கிட்ட சொல்லாத" என்றார். அழுதுகொண்டே பஸ் ஏறினாராம். உன் கோபம் என்னோடு போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

வக்கீல் ஜெயப்பிரகாஷ் பார்த்தார். இது வேறு ஏதோ ஒரு நாள் எடுத்த போட்டோ என்று சுதாகர் சொல்வார், தேதியைப் போடுகிற ஆப் அந்தாள் மகனுடையதுதானே என்று மடக்குவார்கள் என்றார். ஆனால் இல்லத்தில் சேர்த்த அன்று, நான்காம் தேதி, உன்னைப் படம் எடுத்து ரிஜிஸ்டரில் ஒட்டியிருக்கிறார்களாம். அதே சட்டை, அதே பிளாஸ்திரி. அதைச் சேர்த்துக் காட்டினால் தேதியை யாரும் அசைக்க முடியாதாம். நீ சம்மதம் எழுதிக் கொடுத்தால்தான் மேடம் ரிஜிஸ்டரை வெளியே எடுப்பார்கள்.

அப்பா மறுக்கிறார். "எம்புள்ளய வெட்டிட்டு மிச்சத்த காட்டு" என்கிறார். வெட்டினால் தேதியும் போய்விடும். நூற்று நாற்பது பேரும், சுதாகரும், காண்ட்ராக்டர் ஆட்களும் இருக்கிற அறையில் அதைக் காட்ட வேண்டும். நான் கேட்க மாட்டேன். நீ சொல்.

இசை


5 ஜூலை 2025

இசைக்கு,

வெட்டாதே. அப்படியே காட்டு.

சம்மதக் கடிதம் இதோடு இருக்கிறது. மேடம் எட்டாம் தேதி ரிஜிஸ்டரோடு நேரில் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். நான் வரவில்லை. வா என்று கூப்பிட்டார்கள்தான். வந்தால் திரும்பி இங்கே வருவேனா என்று எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. தொண்ணூறு நாளையும் இருந்துவிட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் சொல். வேனைப் பற்றி எனக்குத் தெரியும் என்று சொல்லாதே. நான் வந்து அவரிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த ஆறு வரித் தாளைப் பத்திரமாக வை. இப்படியே போனால் இரண்டு வருஷத்தில் மறுபடி நிரம்பும். அடுத்த முறை இடம் வாங்குகிற அன்றே நாலாவது, ஐந்தாவது வரியை நீயே அடித்துவிடு. எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம்.

இங்கே சேரும்போது நம்மிடம் இருப்பதை எல்லாம் வாங்கி ஒரு பெட்டியில் பூட்டி வைப்பார்கள். என் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். பச்சைச் சட்டையும் ஒற்றைச் செருப்பும் இருந்தன. போட்டோவில் தெரிவது அந்தச் செருப்புத்தான். ஒரு பையில் கட்டி மேடத்திடம் கொடுத்திருக்கிறேன். எங்கப்பா பஸ் ஏறவில்லை என்று சுதாகர் சொல்வாரே, அப்போது எடுத்து அதிகாரியின் மேசைமேல் வை. செருப்பை மேசைமேல் வைக்கக்கூடாது என்று யாராவது சத்தம் போட்டால், அது சாமிக்கண்ணு மகனுடைய செருப்பு என்று சொல்.

உன் அண்ணன்,
கார்முகில்